36 படங்கள், ஒரு மேனுவல் கேமரா: முதல் ரோலை ஏற்றுவது முதல் நெகட்டிவைப் படிப்பது வரை

பழைய மேனுவல் கேமரா தானாக ஒன்றும் செய்யாது. வெளிச்சம் எவ்வளவு, எதன் மேல் ஃபோகஸ், எந்தக் கணத்தில் அழுத்துவது எல்லாவற்றையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு சரியா தவறா என்பதும் ரோல் தீர்ந்து, கழுவி, காய்ந்து கைக்கு வரும்வரை தெரியாது. கேட்டால் தண்டனை மாதிரி இருக்கும். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைப் பார்க்கும் முன்பே கை, ஷட்டரை (ஃபிலிமுக்கு முன் திறந்து மூடும் திரை) 1/125 நொடியிலும் லென்ஸ் துளையை எஃப் 8இலும் வைத்துவிட்டது. பிறகு கண்ணை வைத்துப் பார்த்தால் மீட்டர் முள்ளும் சரியாக நடுவில் நிற்கிறது! அன்று வந்த சந்தோஷத்துக்காகத்தான் இன்றுவரை ஃபிலிமை விடாமல் இருக்கிறேன்.

இந்த வழிகாட்டி அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதைப் பற்றியது. ஃபிலிமின் நிறம், கிரெய்ன் (பொடிப்பொடியான புள்ளித்தன்மை) எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபோனில் ஒரு ஃபில்டர் போட்டாலே அதில் பாதி வந்துவிடும். வெளிச்சத்தைக் கண்ணால் அளக்கிற பழக்கம் ஃபில்டரில் வராது.

1. எந்தக் கேமரா?

முதல் கேமரா 35 மி.மீ. எஸ்எல்ஆர் ஆக இருக்கட்டும். லென்ஸ் பார்ப்பதையே நீங்களும் பார்ப்பீர்கள், ஃபோகஸ் கண்ணெதிரே தெரியும். லென்ஸ், உதிரி பாகங்கள் கிடைப்பதும் எளிது. 1960களிலிருந்து 1980கள் வரை வந்தவற்றில் நல்ல கேமராக்கள் நிறைய உண்டு.

பென்டாக்ஸ் கே1000 இந்த வேலைக்கென்றே செய்தது போன்ற கேமரா. 1976இல் வந்து, ஏறத்தாழ மாற்றமே இல்லாமல் 1997 வரை தயாரானது. ஷட்டர் வேகம், லென்ஸ் துளை, மீட்டர் முள், இவ்வளவுதான் அதில் உண்டு. மினோல்டா எஸ்ஆர்டி 101 (1966) கொஞ்சம் கனம், ஆனால் உழைக்கும். ஒலிம்பஸ் ஓஎம்-1 கைக்கு அடக்கமானது. அதில் ஷட்டர் வேகத்தைத் தலைப்பகுதியில் தேடக்கூடாது, லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கும். 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2, 1/4000 நொடி வரை முழுக்க இயந்திர விசையிலேயே ஓடும்.

கேனான் ஏஇ-1 பற்றியும் பலர் கேட்பார்கள். நல்ல கேமராதான், ஆனால் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் திறக்காது. மேலே சொன்ன நான்கிலும் பேட்டரி மீட்டருக்கு மட்டுமே. பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டும் படம் எடுக்கலாம். வெளிச்சத்தை அளக்கக் கற்றுக்கொள்ள வந்தவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

பழைய சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர்கள் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்க்கும் கேமராக்கள்) மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசை வரும். ஸோர்கி-4 போன்றவற்றில் ஃபிலிமை நகர்த்தி ஷட்டரைத் தயார் செய்த பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். அதற்கு முன் திருகினால் உள்ளே பழுதாகலாம். இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. வாங்கும் முன் பத்து நிமிடம்

பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். உடம்பில் கீறல் இருந்தால் படத்தில் தெரியாது. பார்க்க வேண்டியது வேறு.

முதலில் ஷட்டரை எல்லா வேகத்திலும் அழுத்திக் கேளுங்கள். 1 நொடியில் வைத்தால் உள்ளே சின்னப் பல்சக்கரம் சரசரவென்று ஓடி, ஒரு நொடி கழித்து மூடும். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த கேமராவில் எண்ணெய் பிசினாகிவிடும். ஒரு நொடி மூன்று நொடியாகும், இல்லை திறந்தபடியே நின்றுவிடும். மெதுவேகங்கள் மட்டும் இழுத்தால் சர்வீஸ் செய்து சரிப்படுத்தலாம். 1/1000இல் திரை முழுதாகத் திறக்கவே இல்லையென்றால் யோசியுங்கள். பின்கதவைத் திறந்து, ஜன்னலை நோக்கிப் பிடித்து, அழுத்திப் பார்த்தால் வெள்ளைச் சதுரம் ஒன்று பளிச்சென்று தெரிய வேண்டும். அதன் ஒரு ஓரம் இருண்டிருந்தால் திரைகள் ஒன்றையொன்று முந்துகின்றன என்று பொருள்.

ஷட்டர் திரையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். துடைக்கவும் வேண்டாம்.

அடுத்து லென்ஸ். கேமராவிலிருந்து கழற்றி, துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து ஃபோன் டார்ச்சை அடியுங்கள். தூசி நான்கைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் சுத்தம் செய்ய முடியும். நடுவில் படர்ந்திருந்தால் கண்ணாடியின் பூச்சையே தின்றிருக்கும், விட்டுவிடுங்கள். துளையின் இதழ்கள் காய்ந்து, சட்டென்று மூட வேண்டும். எண்ணெய் பளபளத்தால் மந்தமாக மூடும், படங்கள் வெளிறும்.

பின்கதவின் விளிம்பில் கருப்பு ஃபோம் பட்டை இருக்கும். நகத்தால் லேசாகத் தொடுங்கள். தார் மாதிரி ஒட்டினால் ஆயுள் முடிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, புதுப்பட்டை வெட்டி ஒட்டுவது ஒரு மாலை நேர வேலை. ஆனால் ஒட்டாமல் ஃபிலிம் போடாதீர்கள், வெளிச்சம் கசியும்.

கடைசியாகப் பேட்டரி அறை. பச்சையாகப் பூத்திருந்தால் கொஞ்சம் வினிகர் தொட்ட பஞ்சு போதும். பூத்தது உள்ளே கம்பி வரை போயிருந்தால் மீட்டர் செத்திருக்கலாம். மீட்டர் செத்த கேமராவை நான் குறை சொல்ல மாட்டேன், விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் செய்வேன்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. எஸ்ஆர்டி 101, ஓஎம்-1 போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் ஓடும், ஆனால் தப்பாகச் சொல்லும். காது கேட்கும் கருவிக்கான ஜிங்க்-ஏர் பேட்டரியின் வோல்ட் கிட்டத்தட்ட பழையதோடு ஒத்துப்போகும், ஒரு சின்ன வளையம் வைத்துப் பொருத்தலாம். கே1000க்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் மீட்டரை அணைக்க சுவிட்சும் இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதுதான் அணைப்பது.

3. எந்த ஃபிலிம்?

இன்று வாங்கும் 135 (அதாவது 35 மி.மீ. ஃபிலிம்) டப்பாவை கோடக் 1934இல் ரெட்டினா கேமராவோடு கொண்டுவந்தது. அந்த ரெட்டினாவிலும் இன்றைய ரோல் அப்படியே உட்காரும். ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ., ரோலுக்கு வழக்கமாக 36 படம்.

ஆரம்பத்தில் நெகட்டிவ் ஃபிலிம் (வெளிச்சமான இடம் கருமையாகவும் இருண்ட இடம் வெறுமையாகவும் தலைகீழாகப் பதிவது) மட்டும் வாங்குங்கள். வண்ணத்தில் கோடக் கோல்டு 200, கருப்பு வெள்ளையில் இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் அல்லது கோடக் ட்ரை-எக்ஸ் 400. நெகட்டிவ் ஃபிலிம் மன்னிக்கும் குணமுடையது. வெளிச்சம் இரண்டு மடங்கு, ஏன் நான்கு மடங்கு கூடிப்போனாலும் படம் தேறிவிடும். குறைந்தால்தான் சிக்கல்: நிழல் பகுதிகளில் ஒன்றுமே பதியாது, எந்த ஸ்கேனராலும் இல்லாததைக் கொண்டுவர முடியாது. ஆகவே சந்தேகம் வந்தால் ஒரு படி, அதாவது இரண்டு மடங்கு, கூடுதலாகக் கொடுங்கள். ஸ்லைடு ஃபிலிம் (தலைகீழாக இல்லாமல் நேரான படமாகவே வருவது) இதற்கு நேர் எதிர், அரைப் படி கூடினாலே வெள்ளைப் பகுதி வெளுத்துப் போகும். கண்ணளவு பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

முதல் மூன்று ரோலும் ஒரே ஃபிலிமாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு போட்டால் தவறு உங்களுடையதா ஃபிலிமுடையதா என்று கடைசிவரை புரியாது.

ஃபிரிட்ஜில் வைத்த ரோலை எடுத்தவுடன் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறங்கள், இல்லாவிட்டால் நீர் கோக்கும். காருக்குள் வெயிலில் விடாதீர்கள். விமானத்தில் போனால் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும்.

4. ஃபிலிம் ஏற்றுவது

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். ஃபிலிம் ஏற்றும்போது அது புரியும். உட்கார்ந்து, நேர் வெயில் படாத இடத்தில் செய்யுங்கள்.

இடப்பக்கக் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும். டப்பாவை இடது குழியில் வைத்து, குமிழைக் கீழே அழுத்தினால் அதன் முள் டப்பாவின் அச்சைப் பிடித்துக்கொள்ளும். ஃபிலிமின் நாக்கை வலப்பக்கம் இழுத்து, சுழலும் ஸ்பூலின் வெட்டில் செருகுங்கள். செருகியவுடன் கதவை மூடத்தான் கை போகும். மூடாதீர்கள். லீவரை ஒருமுறை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஸ்பூலில் ஃபிலிம் ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். மேலும் கீழுமாக இரு பக்கத் துளைகளும் பற்சக்கரத்தின் பற்களில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகே கதவு.

மூடியதும் ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் மெல்லச் சுற்றுங்கள். தொய்வு போய் இறுகும்போது நிறுத்திவிடுங்கள். அப்புறம் இரண்டு வெற்றுப் படம் தட்டுங்கள். ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் இடப்பக்கக் குமிழ் தானாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் உள்ளே ஃபிலிம் நகர்கிறது. சுழலவில்லையென்றால் நகரவில்லை, திறந்து மறுபடி போடுங்கள். எண் காட்டும் சாளரத்தை நம்ப வேண்டாம், ஃபிலிமே இல்லாவிட்டாலும் அது 36 வரை எண்ணிக்கொண்டு போகும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் ரோலில் ஒரு நாள் முழுக்கச் சுற்றி 36 படம் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்து நின்றேன். கழுவி வந்த ஃபிலிம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. லேபில்தான் கெடுத்துவிட்டார்கள் என்று கோபத்தோடு போய் நின்றேன். கழுவியவர் ஒன்றும் பேசாமல் ஃபிலிமின் ஓரத்தை விளக்கில் காட்டினார். பெயரும் எண்களும் அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தன. "கழுவினது சரியாத்தான் இருக்கு தம்பி. உங்க ஃபிலிம்தான் டப்பாவ விட்டு வெளியவே வரல." நாக்கு ஸ்பூலிலிருந்து நழுவியிருக்கிறது. நான் நாள் முழுக்க வெறும் கேமராவை அழுத்திக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

ஐஎஸ்ஓ எண்ணை (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்று சொல்லும் 200, 400 போன்ற எண்; பழைய கேமராவில் ஏஎஸ்ஏ என்று இருக்கும்) டயலில் வைத்துவிட்டு, ஃபிலிம் டப்பாவின் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்துக் கேமராப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து உள்ளே என்ன ரோல் என்று நிச்சயம் மறந்துபோகும்.

5. வெளிச்சத்தைக் கண்ணால் அளப்பது

இதுதான் முக்கியமான பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

லென்ஸில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். எண் பெரிதானால் துளை சிறிது. காரணம் எளிது: லென்ஸின் குவிய நீளத்தைத் துளையின் அகலத்தால் வகுத்து வருவதுதான் அந்த எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மி.மீ. திறப்பு. வரிசையில் ஒரு எண் நகர்ந்தால் வெளிச்சம் சரிபாதியாகும், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் இரட்டிக்கும். ஷட்டரிலும் அப்படியே, 60, 125, 250, 500. இந்த ஒரு படியைத்தான் ஸ்டாப் என்கிறோம். ஒரு பக்கம் ஒரு ஸ்டாப் கூட்டி மறுபக்கம் ஒரு ஸ்டாப் குறைத்தால் ஃபிலிமுக்குப் போகும் வெளிச்சம் மாறாது. மேனுவல் கேமராவின் கணக்கு மொத்தமும் இவ்வளவுதான்.

இனி கண்ணளவு. ஷட்டரை ஃபிலிமின் ஐஎஸ்ஓவுக்கு அருகிலுள்ள எண்ணில் வையுங்கள். 200 ஃபிலிமுக்கு 1/250, 400 ஃபிலிமுக்கு 1/500. அப்படி வைத்துவிட்டு வானத்தைப் பார்க்காதீர்கள், தரையில் விழும் நிழலைப் பாருங்கள். வானம் ஏமாற்றும், நிழல் ஏமாற்றாது.

நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் எஃப் 16.
ஓரம் மங்கியிருந்தால் எஃப் 11.
நிழல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தால் எஃப் 8.
நிழலே இல்லை, மேகம் கனத்திருக்கிறது என்றால் எஃப் 5.6.
வெளியே வெயில், ஆனால் எடுக்கப்படுபவர் நிழலில் நிற்கிறார் என்றால் எஃப் 4.
வெயில் படும் வெண்மணல் அல்லது பனி என்றால் எஃப் 22.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மர நிழலில் ஒரு பெரியவர் செய்தித்தாள் படிக்கிறார். உங்களிடம் 200 ஃபிலிம். நிழல், ஆகவே 1/250, எஃப் 4. பின்னணி மங்கலாகி முகம் மட்டும் தெரிய வேண்டுமா? துளையை 2.8க்குத் திறந்து ஷட்டரை 1/500க்கு ஏற்றுங்கள். முகம், கண்ணாடி, விரித்த தாள் எல்லாம் தெளிவாக வேண்டுமா? எஃப் 8க்கு மூடுங்கள், இரண்டு ஸ்டாப் போனதால் ஷட்டரை 1/60க்கு இறக்குங்கள். மூன்றிலும் வெளிச்சம் ஒன்றே, படம் மூன்று. இப்போது இலைகளுக்கு இடையே வெயில் புகுந்து தாளின் மேல் காசு காசாக விழுகிறது. அந்த இடங்கள் நிழலைவிட நான்கு ஸ்டாப் பிரகாசம். முகத்துக்குக் கொடுப்பதா, தாளுக்குக் கொடுப்பதா? நான் முகத்துக்குத்தான் கொடுப்பேன். வெயில் புள்ளிகள் வெள்ளையாகட்டும், நெகட்டிவ் ஃபிலிம் அதில் பெரும்பகுதியைத் தாங்கிவிடும்.

வீட்டுக்குள் கண் பொய் சொல்லும். கண்மணி விரிந்துவிடுவதால், இருட்டு நமக்கு இருட்டாகத் தெரிவதில்லை. இதற்கு மனப்பாடம்தான் வழி. 400 ஃபிலிமில், பகலில் ஜன்னலருகே இருப்பவருக்கு 1/60, எஃப் 2.8. இரவில் விளக்குப் போட்ட அறையில் 1/30, எஃப் 2. இவை தொடங்கும் புள்ளிகள், உங்கள் ஜன்னலுக்கு ஏற்ப ஒரு ஸ்டாப் முன்பின் ஆகும்.

பழகுவதற்கு ஃபிலிம்கூட வேண்டாம். நடந்து போகும்போது, பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது, எதிரே தெரிவதற்கு மனதுக்குள் ஒரு அளவு சொல்லுங்கள். பிறகு ஃபோனில் ஒரு லைட் மீட்டர் செயலியைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்டாப்புக்குள் வந்துவிடுவீர்கள். நெகட்டிவ் ஃபிலிமுக்கு அது போதும்.

6. மீட்டர் பொய் சொல்லும் இடங்கள்

மீட்டர் முட்டாள் அல்ல, பிடிவாதக்காரர். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவர் முன் நிற்பவரைக் காட்டினால் சுவரைச் சாம்பலாக்கி, ஆளை இருட்டாக்கிவிடும். ஆகவே வெள்ளை நிறைந்த காட்சிக்கு ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். கருப்பு நிறைந்ததற்குக் குறையுங்கள்.

முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருப்பவரை எடுக்கும்போது பக்கத்தில் போய் முகத்தை மட்டும் அளந்து, அதே அளவோடு திரும்பி வந்து எடுங்கள். பக்கத்தில் போக முடியாவிட்டால் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உடம்பு நிறம் எதுவானாலும் உள்ளங்கை ஏறத்தாழ ஒரே மாதிரி என்பதால் இது வேலை செய்கிறது.

7. ஃபோகஸ்

பெரும்பாலான எஸ்எல்ஆர் வியூஃபைண்டரின் நடுவில் இரண்டாக வெட்டிய வட்டம் இருக்கும். நேர்கோடு ஒன்றை, ஜன்னல் விளிம்பையோ சட்டைக் காலரையோ, அதில் பிடியுங்கள். கோடு முறிந்து தெரிந்தால் ஃபோகஸ் இல்லை, ஒட்டினால் இருக்கிறது. முகத்தில் கண் இமைக்கோட்டைப் பிடியுங்கள். அந்த வட்டத்தைச் சுற்றிலும் மின்னும் வளையம், நேர்கோடு கிடைக்காத இடத்துக்கு உதவும். மின்னுவது நின்றால் சரி.

தெருவில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. அங்கே தூரத்தை முன்பே வைத்துவிடலாம். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்தினால், 2 மீட்டருக்குச் சற்று மேலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் வரை தெளிவு. 35 மி.மீ. லென்ஸில் எஃப் 8, 5 மீட்டர் என்றால், இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை. லென்ஸ் மேல் உள்ள கோடுகளும் இதையே சொல்லும். இப்படி வைத்துவிட்டால் ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம், தூக்கி அழுத்த வேண்டியதுதான்.

கை ஆட்டத்துக்கு ஒரு கணக்கு: 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60க்குக் கீழே கையில் பிடிக்க வேண்டாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டுக்கொண்டே, பொத்தானைக் குத்தாமல் விரலை உருட்டி அழுத்தினால் 1/30இலும் நிற்கும்.

8. 36 படங்களைச் செலவழிப்பது

முதல் மூன்று ரோலுக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட எண், நிழல் எப்படி இருந்தது, என்ன வைத்தீர்கள், ஒரு வரி போதும். "14. சாயங்காலம், படிக்கட்டு, நிழல் இல்லை, 1/125, எஃப் 4, பயத்தில் ஒரு ஸ்டாப் கூட." இந்த நோட்டு இல்லாமல் எடுத்த பத்து ரோலைவிட இதோடு எடுத்த மூன்று ரோலில் நான் கற்றது அதிகம்.

ஒரே காட்சியை நான்கைந்து தடவை எடுக்காதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: வெளிச்சத்தில் நிஜமாகவே குழப்பம் இருந்தால், உங்கள் கணக்கில் ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று. இரண்டும் நோட்டில் ஏறட்டும்.

எண் 36ஐ நெருங்கும்போது லீவர் பாதியில் நின்றால் பலவந்தப்படுத்தக் கூடாது. ஃபிலிம் முடிந்துவிட்டது. இன்னும் ஒன்று எடுக்கலாமே என்று தள்ளினால் துளைகள் கிழியும், இல்லை ஃபிலிம் டப்பாவிலிருந்து பிய்ந்து வரும். அப்படிப் பிய்ந்தால் முழு இருட்டில்தான் கேமராவைத் திறக்க முடியும்.

திரும்பச் சுற்றுவதற்கு, பெரும்பாலான கேமராக்களில் அடியிலுள்ள சின்னப் பொத்தானை அழுத்திவிட்டு (ஓஎம்-1இல் முன்பக்கத்தில் உள்ள ஆர் குமிழைத் திருப்பிவிட்டு), ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் சுற்றுங்கள். கையில் ஒரு இழுவிசை தெரிந்துகொண்டே இருக்கும். சட்டென்று அது விட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகும் இரண்டு சுற்று சுற்றி, அப்புறம் கதவைத் திறங்கள். நடுவில் மறந்துபோய்த் திறந்துவிட்டால் உடனே மூடுங்கள். வெளிச்சுற்றில் உள்ள சில படங்கள் போகும், டப்பாவுக்குள் இருப்பவை பிழைக்கும்.

9. கழுவுவது

வண்ண ஃபிலிமை லேபுக்கே கொடுத்துவிடலாம். சி-41 என்ற அந்த முறையில் டெவலப்பர் சுமார் 38 டிகிரி செல்சியஸில், மூன்றே கால் நிமிடம். வெப்பம் அரை டிகிரி பிசகினாலே நிறம் தடுமாறத் தொடங்கும். நெகட்டிவைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் மட்டும் வாங்கிக்கொண்டு வருவது பத்திரத்தை விட்டுவிட்டு ஜெராக்ஸை வாங்கி வருவது போல.

கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். இருட்டறை வேண்டாம். கை நுழைக்கும் கருப்புப் பை, ஒரு டேங்க், வெப்பமானி, மூன்று ரசாயனம் (படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்சர்) போதும். பையில் கையை விட்டு ஃபிலிமை ரீலில் ஏற்றுவதுதான் கடினமான கட்டம். ஒரு வீணான ரோலை வைத்து முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு, பத்து தடவையாவது பழகுங்கள்.

டேங்க் மூடிய பிறகு எல்லாம் வெளிச்சத்தில்தான். ஹெச்பி5 பிளஸ்ஸை ஐடி-11 டெவலப்பரில், நீர் கலக்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம். முதல் பத்து நொடியில் நான்கு முறை டேங்கைத் தலைகீழாக்கித் திருப்புங்கள், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அப்படியே நான்கு முறை. ஸ்டாப் பாத் பத்து நொடி. ரேப்பிட் ஃபிக்சர் மூன்று முதல் ஐந்து நிமிடம். அலச நீரைத் திறந்துவிட்டுக்கொண்டே நிற்க வேண்டாம்: நீர் நிரப்பி ஐந்து முறை திருப்பிக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து முறை, கடைசியாக இருபது முறை. எல்லாத் திரவங்களும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் இருக்கட்டும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள்.

ரீலிலிருந்து ஈர ஃபிலிமை உருவி, குளியலறை விளக்கைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்கும் அந்த நொடியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தூசியில்லாத இடத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, முழுதாகக் காயும்வரை தொடாமல் இருங்கள்.

10. நெகட்டிவைப் படிப்பது

ஸ்கேனைப் பார்த்து நன்றாக வந்திருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். ஸ்கேனர் உங்கள் தப்புகளைச் சரிசெய்துதான் காட்டும். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நோட்டோடு ஒப்பிடுங்கள்.

நிழலாக இருந்த இடங்கள் வெறும் கண்ணாடியாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. அங்கேயும் மெல்லிய உருவம் தெரிந்தால் சரியாகக் கொடுத்திருக்கிறீர்கள். மொத்தமும் கருகருவென்று இருந்தால் கூடிப்போயிருக்கிறது, ஆனாலும் பெரும்பாலும் தேறும். எல்லாப் படமும் ஒரே அளவு மெலிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கண்ணை அல்ல, ஷட்டரை, மீட்டரை, அல்லது டெவலப்பரை.

துளைகளின் பக்கத்திலிருந்து கருமை வழிந்து படத்துக்குள் வந்தால் கதவு ஃபோம் கசிகிறது. படத்தின் ஒரு ஓரம் மட்டும், வேகமான ஷட்டரில் எடுத்தவற்றில் மட்டும், வெறுமையாக இருந்தால் திரைகளுக்குச் சர்வீஸ் வேண்டும். ஃபிளாஷ் போட்ட படம் பாதிதான் பதிந்திருந்தால் ஷட்டர் வேகம் கூடிவிட்டது. துணித்திரை கேமராக்களில் 1/60தான் பொதுவான எல்லை. ஃபிலிமின் நீளம் முழுக்க ஒரே கோடாகக் கீறல் ஓடினால் பின்கதவின் அழுத்தத் தட்டில் மணல் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் நகர்த்தும் சக்கரம் தேய்ந்திருக்கிறது.

எல்லாம் வெறுமையாக இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். அங்கே எழுத்தும் எண்ணும் இல்லையென்றால் டெவலப்பருக்கு முன் ஃபிக்சரை ஊற்றியிருக்கிறார்கள், அல்லது டெவலப்பர் செத்திருக்கிறது. எழுத்தும் எண்ணும் தெளிவாக இருந்தால், கோபப்படாமல் வீட்டுக்குப் போய், நான்காவது பகுதியை இன்னொரு தடவை படித்துவிட்டு அடுத்த ரோலை ஏற்றுங்கள்.